ஆட்காட்டியும் அக்கரைத் தடுப்புச் சபையும்

காட்டாற்றின் இக்கரையில் கொம்பையா என்ற யானைத் தலைவர் ஒரு சபை வைத்திருந்தார். அதற்கு 'அக்கரைத் தடுப்புச் சபை' என்று பெயர். முன்பொரு முறை அக்கரை நரிகள் அங்கிருந்த கௌதாரிகளைப் பூண்டோடு அழித்துவிட்டன. "இனி ஒருக்காலும் இப்படி நடக்க விடமாட்டோம்" என்று இக்கரை மிருகங்கள் ஆற்றில் நின்று சத்தியம் செய்தன. அப்படிப் பிறந்த சபை இது.

அக்கரையைப் பார்த்து வந்து சொல்வது ஆட்காட்டிப் பறவையின் வேலை. ஒருநாள் அது மூச்சிரைக்கப் பறந்து வந்தது.

"தலைவரே, நரிகள் வெள்ளெலி வளைகளின் பின்வாசலை எல்லாம் மண் போட்டு அடைக்கின்றன. போன வெள்ளத்தில் ஆற்றங்கரை உடைந்ததற்கு எலிகள்தான் காரணம் என்று சொல்லித் திரிகின்றன. நீங்கள் ஒரு நடை வந்து நின்றால் போதும்."

செயலாளர் முள்ளம்பன்றி ஓலையைப் புரட்டியது. "செத்தது எத்தனை?"

"இன்னும் யாரும் சாகவில்லை ஐயா."

"ஒன்றுமே நடக்கவில்லையே அம்மா. நடக்காததற்குச் சபையைக் கூட்ட முடியுமா? நடந்ததும் வா."

ஆட்காட்டி திரும்பிப் போனால் அக்கரை நரி வழிமறித்தது.

"என்ன, உங்க யானை வருதா?"

பொய் சொல்லத் தெரியாத பறவை அது. "சபை யோசிக்கிறது" என்றது.

நரிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அன்று பொழுது சாய்வதற்குள் பாதி வெள்ளெலிகள் நரிகளுக்கு இரையாகிவிட்டன.

ஆட்காட்டி அழுதுகொண்டே வந்தது.

"அடப் பாவமே" என்றது முள்ளம்பன்றி. "ஆனால் இது தடுப்புச் சபை. நடந்து முடிந்ததை எப்படித் தடுப்பது? இரங்கல் சபை அடுத்த மரத்தடியில் இருக்கிறது, அங்கே போ."

"மீதிப் பாதி உயிரோடு இருக்கிறதே!"

"அவர்களுக்குத்தான் இன்னும் ஒன்றும் நடக்கவில்லையே."

செவிடன் காதில் சங்கு ஊதி என்ன பயன்? ஆட்காட்டி நேரே எருமைகளிடம் போய் நடந்ததைச் சொன்னது.

"அங்கே சேறு இருக்கா?" என்று கேட்டது மூத்த எருமை.

"இருக்கு."

"அப்ப வர்றோம்."

ஏழு எருமைகள் ஆற்றைக் கடந்து வளைகளைச் சுற்றிப் படுத்து அசைபோட்டன. வேறொன்றும் செய்யவில்லை. நரிகள் மூன்று முறை வந்து கொம்புகளைப் பார்த்தன. "சும்மா காற்று வாங்க வந்தோம்" என்று சொல்லி நழுவிவிட்டன.

பத்தாம் நாள் சபை மாலை மரியாதையோடு அக்கரைக்கு வந்தது. "சபையின் பெருமுயற்சியால் வெள்ளெலிகள் காப்பாற்றப்பட்டன" என்று முள்ளம்பன்றி ஓலை வாசித்தது. ஆட்காட்டிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"சந்தோஷம்தானே?" என்று ஒரு தாய் எலியிடம் கேட்டார் கொம்பையா.

"சந்தோஷம்தான் ஐயா. என் எட்டுப் பிள்ளைகளில் மூன்று இருக்கு. இப்போ நிற்கிற இந்த இடத்தில் பத்து நாளைக்கு முன்னால் நின்றிருந்தீர்களானால் எட்டும் இருந்திருக்கும்."

கொம்பையா தலையைக் குனிந்துகொண்டார்.

ஆபத்து வருமுன் எடுத்து வைக்கும் ஓரடி, வந்தபின் செய்யும் ஆயிரம் சத்தியத்தைவிட மேலானது.