மீசைக்காரி ஏறுன ஓடை

ரெண்டு குளத்துக்கு நடுவுல ஒரு ஊரு இருந்துச்சாம். மேல ஒரு குளம், கீழ ஒரு குளம், ரெண்டையும் சேர்க்க ஒரு ஓடை. உம் கொட்டுங்க, இல்லன்னா நான்பாட்டுக்குப் படுத்துருவேன்.

அந்த ஓடைக்கரையில மாசானம்னு ஒருத்தன் நெல்லு போட்டிருந்தான். புதுத்தண்ணி வந்தா கீழக்குளத்து மீனெல்லாம் ஓடையில எதிர்த்து ஏறி, மேலக்குளத்துப் புல்லுக்குள்ள முட்டை போடும். அப்போ ஓடையில யாரும் கால் வைக்கக் கூடாதுன்னு ஊர்க் கட்டுப்பாடு. பொரிச்ச குஞ்சுங்க தண்ணியோட இறங்கி, வயலுக்குள்ள வந்து பூச்சி புழுவத் தின்னு வளரும். இது ஊருக்கே தெரியும், மாசானத்துக்கும் தெரியும். தெரிஞ்சு என்ன பண்ண, ஆசை யார விட்டுச்சு?

ஒரு வருசம் மழை பிந்திப்போச்சு. சொட்டுத் தண்ணி கீழ போகக் கூடாதுன்னு மாசானம் ஓடைக்குக் குறுக்க கல்ல அடுக்கிட்டான். புதுத்தண்ணி வந்துச்சு, இடுக்குல வழிஞ்சதப் பிடிச்சுக்கிட்டு மீனும் வந்துச்சு. முன்னால வந்தது ஒரு கெளுத்தி, வயிறு நிறைய முட்டை. பொம்பளைக்கு மீசையான்னு சிரிக்காதீங்க, கெளுத்தின்னா மீசை இருக்கும்.

அது துள்ளுச்சு, கல்லுல முட்டி விழுந்துச்சு. "மாசானம், ஓரத்துல ஒரே ஒரு கல்ல எடுய்யா, நான் போயிர்றேன்"னு கேட்டுச்சு. அவன் எடுக்கல, மேல ஒரு கல்ல வச்சான். மறுபடியும் துள்ளுச்சு, மறுபடியும் விழுந்துச்சு, மறுபடியும் கேட்டுச்சு. அவன் இன்னொரு கல்ல வச்சான். மூணாவது தடவை துள்ளத் தெம்பில்ல, வாய மட்டும் தொறந்துச்சு. அவன் இடுக்குல களிமண்ண அப்பிட்டு வீட்டுக்குப் போயிட்டான். தண்ணி நின்னுபோச்சு. பாவம், வெறும் பாறையில முட்டையப் போட்டுட்டு ஊர்ந்து ஊர்ந்து கீழக்குளத்துக்கே திரும்புச்சு, வெயில் வந்து அத்தனையும் காய்ஞ்சுபோச்சு. இந்த எடத்தச் சொல்லும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

அப்புறம் என்னாச்சு? வயல்ல தண்ணி தளும்புது, பயிரு பச்சைப்பசேல்னு நிக்குது, இவன் வரப்புல நெஞ்ச நிமித்திக்கிட்டு நடக்குறான். கதிர் வர்ற நேரம் பூச்சி வந்துச்சு. அதத் திங்க ஒரு குஞ்சு இல்ல. தோகையத் தின்னுச்சு, தண்டத் தின்னுச்சு, கதிர்ல இருந்த பாலையும் உறிஞ்சிட்டுப் போச்சு. அறுத்துப் பாத்தா அத்தனையும் பதரு. அடுப்புல வைக்க ஒண்ணுமில்லாம அவன் பொண்டாட்டி ஆவுடை, போய் அந்த மீன் கால்லயே விழுன்னு சொல்லிட்டா. மீனுக்கு ஏது காலு? கோவத்துல சொன்னதுதான்.

அடுத்த மழைக்கு அவனே அணையப் பிரிச்சுப் போட்டுட்டு ஓடைக்கரையில உக்காந்திருந்தான். ஒரு மீனும் வரல. கீழக்குளத்துல இடுப்பளவு இறங்கி நின்னு, "ஆத்தா, வழி விட்டாச்சு, ஏறி வா"ன்னு கூப்பிட்டான்.

கெளுத்தி மெதுவா தலையத் தூக்குச்சு. "உன் கல்லுல மோதி என் முதுகு போச்சு, கூட வந்ததுக்கும் அப்படித்தான், இனி எங்களால ஏற முடியாது. மேல பொறந்ததுக்குத்தான் மேல போற வழி தெரியும். அங்க பொறக்க வேண்டியதெல்லாம் எங்க வயித்துல இருந்துச்சு மாசானம்."

அன்னைக்கே பானையில மீனப் பிடிச்சுப் போட்டுத் தலையில வச்சு மேட்டுல ஏறி, மேலக்குளத்துல கொண்டுபோய் விட்டான். பிடிக்கப் பிடிக்கக் கெளுத்தி முள்ளு குத்தி, கை வீங்கி, சோத்தப் பிசைய முடியாம ஆவுடைதான் ஊட்டி விட்டா. மேல பொறந்ததுங்க வளந்து தானா ஏறுற வரைக்கும் வருசா வருசம் சுமந்தான்.

இப்பவும் அந்த ஊர்ல ஓடைய மறிச்சா, ஓரத்துல ஒரு கல்ல எடுத்துட்டுத்தான் மறிப்பாங்க. மீன் மேலக்குளம் போய்ச் சேந்துச்சு, கதையும் சேந்துச்சு, கண்ண மூடுங்க.