தோல்மதில் கோட்டையும் வடுமாங்காய்ச் சாடியும்

கடல் உப்புக் கரிக்கப் பழகி ரொம்ப நாள் ஆகாத காலம் அது. அப்போது ஒரு ராஜ்ஜியம் இருந்தது. அதன் கோட்டைக்குக் கல்மதில் கிடையாது, மண்மதிலும் கிடையாது. தோல்மதில்தான். உயிருள்ள தோல். கை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கும், கிச்சுக்கிச்சு மூட்டினால் சிலிர்க்கும்.

அந்த மதிலுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. காற்று கேட்காமல் போய் வரும். வெல்லம் வெல்ல வாசலைக் கேட்டுத்தான் போகும், வரும். கருப்பட்டியை நீட்டினால்கூட அந்த வாசல் மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும். உப்பு உப்பு வாசலில்தான் போகும். நாலு ஆள் முக்கித் தள்ளினால்தான் அது திறக்கும். தண்ணீரைப் பற்றி யாரும் யோசித்ததே இல்லை. நடுவூரில் குளம் இருந்தது, அது எப்போதும் நிறைந்திருந்தது, அவ்வளவுதான்.

ஒரு நாள் நீலவாயன் என்ற மந்திரவாதி வந்தான். முருங்கைக்காய் மாதிரி ஒல்லி.

"ராசா, உங்க ஊருக்குக் கண்ணு பட்டிருக்கு. வீட்டுக்கு மூணு மரக்கால் உப்பெடுத்து மதிலைச் சுத்திக் கொட்டுங்க" என்றான்.

உப்புச் சுற்றிப் போடுவது எல்லா வீட்டிலும் உள்ளதுதானே. யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நாலு நாலு பேராக உப்பு வாசலை முக்கித் தள்ளினார்கள். வெளியே மதிலைச் சுற்றி இடுப்பளவு உப்பு நின்றது. நீலவாயன் காவல் இருக்கிறேன் என்று வெளியே ஒரு மரத்தடியில் உட்கார்ந்துகொண்டான்.

அன்றிலிருந்து குளம் இறங்கியது. இன்றைக்கு ஒரு சாண், நாளைக்கு ஒரு சாண்.

"திருடன் உள்ளேதான் இருக்கான்" என்றான் நீலவாயன்.

அந்த ஒரு சொல் போதும். பக்கத்து வீட்டுக்காரி பானையை மூடி வைத்தால் சந்தேகம். திறந்து வைத்தால் அதைவிடச் சந்தேகம். ஈரத்தலையோடு வந்தவளை நிறுத்தி, முடியைப் பிழிந்து பார்த்தார்கள் காவல்காரர்கள். வீட்டுக்கு வீடு வெல்லத்தையும் பரணில் ஒளித்து வைத்து, பரணுக்குக் கீழேயே பாய் விரித்தார்கள்.

குளத்தில் சேறு தெரிந்த அன்று, காவல் தலைவன் இருளாண்டி சிலம்பாயி வீட்டுக்குள் நுழைந்தான். சிலம்பாயி வடுமாங்காய் போட்டு ஊருக்கெல்லாம் கொடுக்கிறவள். சாடியைத் திறந்தான். உள்ளே மூணு விரக்கடை உயரத்துக்குத் தண்ணீர்.

"இது என்ன, பன்னீரா?"

"வடு விட்ட தண்ணி, ஐயா. நான் ஒரு சொட்டும் ஊத்தலை."

"மாங்காய்க்குள்ள கிணறு வெட்டி வச்சிருக்கியோ?"

"உங்க வீட்டுல வடு போடுறது யாரு?"

"என் பெண்டாட்டி."

"அவளைக் கேட்டுட்டு வந்து என்னைப் பிடிங்க."

அவன் கேட்கவில்லை. ராசா முன் கொண்டுபோய் நிறுத்தினான். மூன்று நாளில் குற்றமில்லை என்று காட்டாவிட்டால் உப்பு வாசல் வழியாக அவளை வெளியே தள்ளிவிடுவது என்று தீர்ப்பானது. அந்த உப்பில் விழுந்தால் திரும்பி வர வழியில்லை.

சிலம்பாயி சபையிலேயே ஒரு காய்ந்த சாடி கேட்டாள். பச்சை வடுவைப் போட்டாள், உப்பைப் போட்டாள், வாயைக் கட்டினாள். ராசா முத்திரை வைத்தார். காவலுக்கு மூன்று பேர். ஒருவனை ஒருவன் நம்பாததால் மூன்று பேரும் கண் மூடவில்லை.

முதல் நாள் சாடிக்குள் ஏதோ கசிவது போலிருந்தது. இரண்டாம் நாள் ஆட்டினால் சத்தம் கேட்டது. மூன்றாம் நாள் திறந்தார்கள். மூணு விரக்கடை தண்ணீர். வடுவெல்லாம் சுருங்கிக் கிடந்தன.

"நான்தான் சொன்னேனே" என்று வாயெடுத்த சிலம்பாயி நிறுத்திக்கொண்டாள். கையில் இருந்த வடுவைப் பார்த்தாள். சன்னலுக்கு வெளியே தெரிந்த மதிலைப் பார்த்தாள். மதிலிலும் அதே சுருக்கம். அப்புறம், தாழ்ந்துபோன மதிலுக்கு மேலாக மரத்தடியைப் பார்த்தாள். ஒல்லியாக வந்த நீலவாயன் இப்போது பூசணிக்காய் மாதிரி இருந்தான். கேட்டவர்களிடமெல்லாம் வாயு என்று சொல்லியிருந்தான்.

"மகாராசா, திருடன் உள்ள இல்லை" என்றாள் மெதுவாக. "நம்ம கோட்டைதான் வடு. சுத்திக் கொட்டின உப்பு நம்ம தண்ணியை மதில் வழியா இழுக்குது. வெளியே போறதை அந்த மந்திரவாதி குடிக்கிறான். கோட்டை எலுமிச்சை அளவுக்குச் சுருங்கினதும் எடுத்து மடியில போட்டுக்குவான்."

ராசா உப்பை அள்ளச் சொன்னார். ஒரு மரக்கால் அள்ளினால் மூன்று மரக்கால் முளைத்தது. மந்திர உப்பாகியிருந்தது அது.

"அப்ப நாம உள்ளே அதைவிடக் கனமாக் கரைப்போம்" என்றாள் சிலம்பாயி. "வெல்ல வாசலை அடைச்சுட்டு, ஊர் வெல்லத்தையெல்லாம் குளத்துல போடுவோம். வெல்லத்துக்கு வெளியே போக வழியில்லை. தண்ணிதான் உள்ளே வந்தாகணும்."

ஒருத்தரும் நகரவில்லை. நான் போட்டு அவன் போடாவிட்டால்? அவள் போட்டது பாதிதானோ?

இருளாண்டி எழுந்து போனான். பரணிலிருந்து வெல்ல மூட்டையைச் சுமந்து வந்து குளத்தில் கவிழ்த்தான். "வீட்டுல கேட்டேன். வடு தண்ணி விடுமாம்" என்றான், சிலம்பாயி முகத்தைப் பார்க்காமல்.

அதன்பிறகு வெல்லம் வந்தது வந்தது, வந்துகொண்டே இருந்தது. சேறு பாகானது.

உள்ளே என்ன பேச்சு என்று சந்தேகப்பட்ட நீலவாயன் மதிலில் காதை ஒட்டினான். தோலோடு தோல் ஒட்டிக்கொண்டது. மதிலைச் சுற்றி நின்ற நீர் உள்ளே நகர்ந்தது. அவன் குடித்த நீரும் அவன் தோல் வழியாகவே நகர்ந்தது. பூசணி புடலையானது, புடலை முருங்கையானது, முருங்கை ஒற்றை வடுவானது. மந்திரம் அறுந்து, உப்பு வெறும் உப்பாகக் கிடந்தது. குளம் கரை தொட்டது. மதில் சுருக்கம் நீங்கி நிமிர்ந்து நின்றது.

இருளாண்டி நீலவாயனை இரண்டு விரலால் தூக்கிவந்தான். "தாயி, இதையும் சாடியில போட்டுரலாமா?"

"வேண்டாம் ஐயா. நல்ல வடுவெல்லாம் கெட்டுப்போகும்."

காற்றடிக்கிற பக்கம் வீசியெறிந்தார்கள். ராசா இரண்டு வாசலின் பொறுப்பையும் சிலம்பாயியிடம் கொடுத்தார். யாராவது ஊர் நன்மைக்கென்று எதையாவது கொண்டுவந்தால், அவள் சிரித்துக்கொண்டே வாங்கி, முதலில் ஒரு பச்சை வடுவைச் சுற்றி வைத்து மூன்று நாள் பார்ப்பாள்.

அந்த வருஷம் முழுக்க அவர்கள் குளத்திலிருந்து பானகம் குடித்தார்கள். நாம் பச்சைத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுப்போம்.