கயிறா, லாக் ஆக்சிலா?

ஆனைச்சோலை எஸ்டேட் முதலாளி தில்லைநாயகம் பழைய ஜீப் ஒன்றை வாங்கி வந்து, வேலையாட்களை எல்லாம் கூப்பிட்டு நிறுத்திப் பெருமையடித்தார். "பின்னாடி லாக் ஆக்சில். ரெண்டு சக்கரமும் சேர்ந்தே இழுக்கும். எந்தச் சேத்துலயும் நிக்காது."

டிரைவர் பவுனம்மாவுக்குச் சந்தேகம். மழை நாளில் கொழுந்து பறிக்கும் பெண்களை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் போகப்போவது அவள்தானே. சாதா ஆக்சில் என்றால் ஒரு சக்கரம் வழுக்கிச் சுற்றும்போது இன்னொன்று சும்மா நின்றுவிடும். "கீழ படுத்து ஒருதரம் பாத்துக்கிறேன்யா" என்றாள்.

முதலாளிக்குச் சுருக்கென்றது. "என் பேச்சுல நம்பிக்கை இல்லையா? குனியக் கூடாது, வண்டியைத் தொடவும் கூடாது. என்ன ஆக்சில்னு நிரூபிச்சுக் காட்டு. முடியலேன்னா சாவியை வச்சுட்டு வீட்டுக்குப் போ."

"சரிங்கய்யா, நான் தொடல. நீங்களே அந்த ஓடையோரச் சேத்துல ஒரு பக்கத்தை இறக்கி, ஏத்திக் காட்டிருங்க."

அத்தனை பேர் பார்க்கும்போது மாட்டேன் என்றா சொல்வார்? இறக்கினார். இடப்பக்கப் பின்சக்கரம் சுற்று சுற்றென்று சுற்றிச் சேற்றை வாரி இறைத்தது. வலப்பக்கச் சக்கரம் அசையவே இல்லை.

பவுனம்மா கையைக் கட்டிக்கொண்டாள். "லாக் ஆக்சில்னா அதுவே ஏறி வந்துரும், நாங்க குறுக்க வரலய்யா. சாதா ஆக்சில்னா ஒரு வார்த்தை சொல்லுங்க, கயிறு கொண்டாறோம்."

ஜீப் இன்னும் ஒரு சாண் இறங்கியது. மழை தூறத் தொடங்கியது. யாரும் நகரவில்லை.

முதலாளி ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டு மெல்லச் சொன்னார்:

"கயிறு."