தானே எழுப்பும் கம்ப்யூட்டரும் தூங்கப்போன ஏழு நிலையங்களும்

நல்லூரணி குடிநீர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் அறையைப் பார்த்துக்கொள்ள மூன்று பேர் இருந்தார்கள். மூவருமே சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள். ஊருக்கு வந்த கஷ்டமே அதுதான்.

குஞ்சரம்மாள், சிங்காரவடிவேலு, இவர்களுக்குத் தலைமையாகத் தாயுமானவன். "வால்வை லேசா மூடுங்க" என்றதற்கு, மெல்லிய துண்டு ஒன்றைப் போட்டு மூடிவைத்து மெமோ வாங்கியவர். இன்னொரு மெமோ வந்தால் மலைமேல் இருக்கும் நிலையத்துக்கு மாற்றல். அவருக்கோ மாடிப்படி ஏறினாலே தலை சுற்றும்.

அறையின் நடுவே பீரோ உயரத்துக்கு ஒரு பெரிய கம்ப்யூட்டர். சுற்றுவட்டாரத்து ஏழு நீரேற்று நிலையங்களோடும் அது ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும். அது சொன்னால்தான் மோட்டார் ஓடும், ஊர்த் தொட்டி நிறையும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை பராமரிப்புக்காகக் கம்ப்யூட்டர் பேசும் லைனை மட்டும் நிறுத்துவதாக அறிவிப்பு வந்தது. என்ஜினியர் கோமளவல்லிக்கோ அன்றைக்குத் தங்கச்சி வளைகாப்பு. அதனால் ஒரு புரோகிராம் எழுதிவைத்தார். லைன் வந்ததும் கம்ப்யூட்டரே ஒவ்வொரு நிலையமாகக் கூப்பிட்டு, அறுந்த பேச்சைச் சேர்த்துக்கொள்ளும். கூடவே தாயுமானவனிடம் ஒரு தாளும் கொடுத்தார்:

"லைன் வந்ததும் கம்ப்யூட்டர் தானே ஏழு நிலையத்தையும் எழுப்பிக்கொள்ளும். எல்லாம் விட்ட இடத்திலிருந்து தொடரும். பன்னிரண்டு மணிக்கு மேல் யாரும் எதையும் தொடக்கூடாது."

சரியாகப் பத்து மணிக்கு லைன் போனது. அப்போது தாயுமானவன், "குஞ்சரம்மா, அந்தப் பச்சை ஃபைலை எங்க..." என்று கேட்டுக்கொண்டிருந்தார். சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"இதுதான் விட்ட இடம். பன்னிரண்டுக்கு இங்கிருந்துதான் தொடரணும். அவங்கவங்க நின்ன இடத்தைக் குறிச்சுக்குங்க."

டீ குடிக்கக் கிளம்பிய சிங்காரவடிவேலு, ஒரு கால் வாசலுக்கு வெளியே, கையில் பாதி விரித்த குடையோடு நின்றிருந்தார். அவர் பாதத்தைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டார்கள். குடையைக் கீழே வைக்கக்கூடாது என்றும் முடிவானது.

குஞ்சரம்மாள் தாளை மறுபடி படித்தார். "சார், எழுப்பிக்கும்னு போட்டிருக்கே. முழிச்சிருக்கிறவங்களை எப்படி எழுப்பறது?"

"எழுப்பினா கோவம்தான் வரும்," என்றார் சிங்காரவடிவேலு.

"அப்ப அவங்க தூங்கியாகணும்," என்று முடிவு கட்டினார் தாயுமானவன்.

"ஆள் தூங்கினா போதுமா சார், மெஷினும் தூங்கணுமா?" என்று கேட்டார் குஞ்சரம்மாள்.

தாயுமானவன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "நிலையம்னு எழுதியிருக்கு. நிலையம்னா எல்லாம் சேர்ந்ததுதான்."

ஏழு நிலையங்களுக்கும் போன் போட்டார். "மெஷினை அணைச்சிட்டுத் தூங்குங்க. இங்கிருந்து எழுப்புவோம்." இப்படி ஓர் உத்தரவு அவர்கள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து வந்ததில்லை. மறுபேச்சில்லாமல் படுத்தார்கள். ஒருவர் மட்டும் தலையணை ஆபீசிலிருந்து வருமா என்று கேட்டார்.

பன்னிரண்டு அடித்தது. மூவரும் அவரவர் கோட்டுக்குள் நின்றார்கள்.

"...வெச்சீங்க?" என்று முடித்தார் தாயுமானவன்.

"உங்க மேசையிலதான் சார்," என்றார் குஞ்சரம்மாள்.

கம்ப்யூட்டர் கூப்பிட்டது. திரையில் ஏழு வரி, ஏழிலும் 'பதில் இல்லை'. ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் கூப்பிட்டுப் பார்த்தது. பன்னிரண்டரைக்குத் தொட்டியில் கால்வாசிதான் மிச்சம் என்று சிவப்பு விளக்கு எரிந்தது. ஊர் ஆஸ்பத்திரிக்கும் அந்தத் தண்ணீர்தான். தாயுமானவனுக்கு மலை கண்முன்னால் வந்து நின்றது.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது.

"தொடக்கூடாது," என்றார் குஞ்சரம்மாள்.

தாயுமானவன் யோசித்தார். "சிங்காரவடிவேலு, அந்தக் குடையை எப்பத் தொட்டீங்க?"

"பத்து மணிக்கே சார்."

"அப்ப அது செல்லும்."

குடைப்பிடியின் வளைவால் ரிசீவரைக் கொக்கிபோட்டு இழுத்தார் சிங்காரவடிவேலு. அது தரையில் விழுந்தது. தாயுமானவன் குப்புறப் படுத்து, ரிசீவரில் படாமல் காதை வைத்தார். தரையைத் தொடலாமா என்ற கேள்வியை நல்லவேளையாக யாரும் கிளப்பவில்லை.

"லைன் வந்துருச்சா?" கோமளவல்லியின் குரல்.

"வந்துருச்சு மேடம். போனைத் தொடாமத் தரையில படுத்துக்கிட்டுத்தான் பேசறேன். நிலையத்துல இருக்கிறவங்கதான் இன்னும் எழுந்திரிக்கலை."

"எதுல இருந்து?"

"தூக்கத்துல இருந்து மேடம்."

வளைகாப்புப் பாட்டையும் மீறி, "எல்லாத்தையும் தொடலாம், முதல்ல போனை எடுத்து வைங்க!" என்று ஒரு சத்தம்.

கோமளவல்லியே ஏழு பேருக்கும் போன் போட்டு, திட்டி எழுப்பி, மெஷினைப் போடவைத்தார். அடுத்த முறை கூப்பிட்டபோது, கம்ப்யூட்டர் யார் தயவும் இல்லாமல் ஏழு நிலையத்தையும் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டது. மோட்டார் ஓடியது. சிவப்பு விளக்கு அணைந்தது. தாயுமானவன் தரையில் உட்கார்ந்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தொடர்பு சேர்ந்த கையோடு, பிரின்டர் தன் வழக்கப்படி ஒரு வெற்றுத் தாளைத் துப்பியது.

மாலை நான்கு மணிக்குக் கோமளவல்லி பட்டுப்புடவையோடு ஓடிவந்தபோது, மூவரும் அந்தத் தாளைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அடியில் 'படித்தேன், புரிந்தது' என்று மூன்று கையெழுத்து.

"என்ன இது?"

தாயுமானவன் பவ்யமாக எழுந்து நின்றார். "கம்ப்யூட்டரே நேரடியாக் கொடுத்த உத்தரவு மேடம். மதியத்துல இருந்து ஒண்ணுவிடாமக் கடைப்பிடிக்கிறோம். சிங்காரவடிவேலுவுக்கு மட்டும் ரெண்டாவது பத்தியில ஒரு சின்னச் சந்தேகம்."