மஞ்சள் இலை கட்டிய பன்றி

குளத்துக்குப் பக்கத்துப் புதரில் ஒரு காட்டுப்பன்றி இருந்தான். பெயர் மூக்கப்பன். நல்ல மனசு. ஆனால் வயிறு? அதை மட்டும் கேட்காதீர்கள்! பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். மூக்கப்பனுக்குப் பசி இல்லாத நேரமே கிடையாது. அப்புறம் பத்தில் எது மிஞ்சும், நீங்களே சொல்லுங்கள்!

குளத்துக்கு மண்ணால் ஆன கரை. கரை நெடுகக் கோரை. கோரைக்கிழங்கு என்றால் மூக்கப்பனுக்கு உயிர். போன மழைக்காலத்தில் கரையில் மூக்கை விட்டுத் தோண்டு தோண்டு என்று தோண்டினான். கரை உடைந்து தண்ணீர் வெளியே ஓடிவிட்டது. செவத்தி என்கிற தாழைக்கோழி நாணலுக்கு நடுவே, தண்ணீர்மேல் கூடு கட்டியிருந்தாள். தண்ணீர் வற்றவும் கூடு தரை தட்டியது. கீரி சாவகாசமாக நடந்து வந்து முட்டைகளைத் தின்றுவிட்டுப் போனது.

செவத்தி அழுதாள். அவளைவிட மூக்கப்பன் அதிகமாக அழுதான். அழுதுகொண்டே, உடைந்த கரையில் எட்டிப்பார்த்த கிழங்கையும் தின்றான். என்ன செய்வது, பிறவி அப்படி!

அந்தக் காட்டில் வழக்கு என்றால் கரடியம்மாவிடம்தான் போக வேண்டும்.

"மூக்கப்பா! இனிமேல் குளத்துக் கரையில நீ மூக்கை வைக்கக் கூடாது. இது தடை உத்தரவு!" என்றாள் கரடியம்மா.

"சரிங்கம்மா," என்று மூக்கை உறிஞ்சினான் மூக்கப்பன். உடைந்த கரையைக் காடு கூடி அடைத்தது.

சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தான், பாவம். கிழங்கைப் பார்த்தால் ஆசை வருமே என்று கரைமேல் கண்ணை மூடிக்கொண்டு நடப்பான். சில நேரம் குளத்துக்குள் விழுந்தும் எழுந்திருக்கிறான்.

கரைக்கிழங்கு இல்லை என்றால் வயிறு சும்மா இருக்குமா? கைமாற்று வாங்க ஆரம்பித்தான். தவிட்டான் என்கிற குரங்கிடம் நாவல்பழம். அணிலிடம் கொட்டை. மயிலிடம் தினை. "மலைச்சரிவுல கிழங்கு முத்தட்டும். தோண்டித் திருப்பித் தர்றேன்!" என்று எல்லோரிடமும் சத்தியம் செய்தான். பொய்ச் சத்தியம் இல்லை. தரவேண்டும் என்றுதான் நினைத்தான்.

கிழங்கு முத்தும் நேரத்தில் யானைக்கூட்டம் வந்தது. மலைச்சரிவை மிதித்துத் துவைத்துவிட்டுப் போனது. மூக்கப்பன் அங்கே நின்று பார்த்தான். ஒரு கிழங்குகூடத் தேறவில்லை.

மறுநாளிலிருந்து தவிட்டான் விடியும் முன்பே புதர் வாசலுக்கு வந்துவிடுவான்.

"பழம் எங்கடா? பழத்தை எடு!"

மத்தியானமும் வருவான். மூக்கப்பன் தூங்கும்போது காதைப் பிடித்து இழுப்பான். பன்றி இளைத்துத் துரும்பாகிப் போனான். பன்றி இளைத்தால் எப்படி இருக்கும் தெரியுமா? பார்க்கவே சகிக்காது.

நம் ஊரில் நொடித்துப்போனவர் மஞ்சக் கடுதாசி கொடுப்பார் இல்லையா? அந்தக் காட்டில் அதற்கு மஞ்சள் இலை. இனி என்னால் முடியாது என்கிறவர் பழுத்த மஞ்சள் இலை ஒன்றை வாசலில் கட்டிவிட வேண்டும். உடனே காடு கூடும். கையிருப்பை எல்லாம் வெளியே கொட்டி, கடன் கொடுத்தவர்கள் அவரவர் கொடுத்ததற்குத் தக்கபடி பங்கு போட்டுக்கொள்வார்கள். பற்றாக்குறையைக் காடு மன்னித்துவிடும். விழுந்தவன் எழுந்திருக்க வேண்டாமா, அதற்காகத்தான்!

மூக்கப்பனும் இலை கட்டினான். பதுக்கி வைத்திருந்த கடைசிக் கிழங்குவரை கொட்டினான். ஒன்றைக்கூட மறைக்கவில்லை.

அணில் வாங்கிக்கொண்டது. மயில் வாங்கிக்கொண்டது. தவிட்டான் மட்டும் தன் பங்கைத் தூக்கிப் பார்த்து முணுமுணுத்தான். "ஒரு மரத்துப் பழம் தின்னான்! வந்தது யானைப் பசிக்குச் சோளப்பொரி!"

"போதும்!" என்று அதட்டினாள் கரடியம்மா. "பழைய கடன் இத்தோட தீர்ந்தது. இனி யாரும் மூக்கப்பன் வாசல்ல போய் நின்னு கடனைக் கேட்கக் கூடாது. இது என் உத்தரவு!"

மூக்கப்பன் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினான். காதை இழுக்க ஆள் இல்லை. விடிந்ததும் எழுந்தான். மனசு லேசாக இருந்தது. வயிறும் லேசாக இருந்தது. அதுதான் வினை!

நேராகக் குளத்துக் கரைக்குப் போனான். இந்த முறை கண்ணை மூடவில்லை. மூக்கை வைத்தான். தோண்டினான்!

"ஐயோ! மூக்கண்ணே! நிறுத்துங்க!" என்று நாணலுக்குள்ளிருந்து அலறினாள் செவத்தி. இந்த வருஷம் அவள் முட்டைகள் பொரிந்துவிட்டன. கருப்புப் பஞ்சு உருட்டி விட்டதுபோலக் குஞ்சுகள் அவளைச் சுற்றி நீந்திக்கொண்டிருந்தன. நீந்தத்தான் தெரியும். பறக்கத் தெரியாது. குளம் வற்றினால் கீரி மறுபடியும் நடந்தே வந்துவிடும்.

"உங்களுக்குத் தடை உத்தரவு இருக்கே, மறந்துட்டீங்களா?"

"இருந்துச்சு! இப்ப இல்ல!" என்றான் மூக்கப்பன், வாய் நிறையக் கிழங்கோடு. "நான் இலை கட்டிட்டேன்ல? என் தலையில இருந்த பாரம் மொத்தமும் இறங்கிடுச்சு. கடனும் போச்சு, தடையும் போச்சு!"

"அது எப்படிப் போகும்?"

"நேத்து நீ பங்கு கேட்டு வந்திருக்கணும். வரலை. பந்தி முடிஞ்சப்புறம் இலை போடுன்னா எப்படி, செவத்தி? சரி, பழகின பாவத்துக்கு உனக்கு ரெண்டு கிழங்கு தர்றேன். கணக்கைத் தீர்த்துக்கலாம்!"

கரையில் சின்னதாக ஒரு கசிவு தெரிந்தது.

செவத்தி சிறகடித்துப் பறந்தாள். கரடியம்மாவைக் கையோடு கூட்டி வந்தாள். சத்தம் கேட்டு அணிலும் மயிலும் வந்தார்கள். தவிட்டான் கிளைக்குக் கிளை தாவி எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்தான்.

"என்னடா இது?" என்றாள் கரடியம்மா.

மூக்கப்பன் தன் நியாயத்தை மறுபடி சொன்னான். திமிராகச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நம்பினான். "கடன் தீர்ந்ததும் உங்க வாயால வந்த தீர்ப்பு. தடையும் உங்க வாயால வந்த தீர்ப்பு. கடன் தீர்ந்தா தடையும் தீரணும்ல? ரெண்டு கிழங்கு தர்றேன்னு சொல்றேன், வாங்கிக்க மாட்டேங்குறா!"

செவத்தி முன்னால் வந்தாள். "அண்ணே, போன வருஷம் போன முட்டைக்கு நான் ஒண்ணும் கேட்கலை. அது நடந்து முடிஞ்ச நஷ்டம். அதைக் கடன்னு சொன்னீங்கன்னா, கடனோட கடனா போகட்டும். ஆனா இன்னைக்கு என் குஞ்சுங்க கண்ணு முன்னால நீந்துதே! தண்ணி போச்சுன்னா உங்க ரெண்டு கிழங்கு மேலயா நீந்தும்?"

கரடியம்மா வாயைத் திறக்கப் போனாள். அதற்குள் தவிட்டான் கைதட்டினான்.

"மூக்கப்பன் சொல்றதுதான் நியாயம்!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மூக்கப்பனுக்கே நம்ப முடியவில்லை. "நீயாடா எனக்குப் பரிஞ்சு பேசுற?"

"பின்னே? உத்தரவுக்கும் விலை உண்டுன்னு அருமையாச் சொன்னே! என் தலையிலயும் ஒரு உத்தரவு இருக்கு. உன் வாசலுக்கு வந்து கடன் கேட்கக் கூடாதாம். பெரிய பாரம்! இந்தா பாதி நாவல்பழம், வெச்சுக்க. அந்த உத்தரவு தீர்ந்தது. நாளைக்கு விடியுமுன்னே வர்றேன். தனியா இல்ல, மாமன் மச்சான் எல்லாரையும் கூட்டிக்கிட்டு!"

மூக்கப்பனின் காதுகள் இரண்டும் நட்டுக்கொண்டன. "அதெப்படி? அந்த உத்தரவை நம்பித்தானே நான் தூங்குறேன்! பாதிப் பழத்தை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? அது கடன் இல்லடா, உத்தரவு!"

சொல்லிவிட்டான். சொன்னது அவன் காதிலேயே விழுந்தது. வாயிலிருந்த கிழங்கு கீழே விழுந்தது. செவத்தியைப் பார்த்தான். குஞ்சுகளைப் பார்த்தான்.

கரடியம்மா அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "மூக்கப்பா, நீ தின்ன பழத்துக்குப் பதிலாப் பழம் உண்டு. அதான் உன்கிட்ட இருந்ததைப் பங்கு போட்டோம், இல்லாததை மன்னிச்சோம். செவத்தி குஞ்சுக்குப் பதிலா எதைப் பங்கு போடுறது? நேத்து செஞ்சதைத்தான் மன்னிக்க முடியும். நாளைக்குச் செய்யப்போறதுக்கு மன்னிப்பு கேட்டா எங்க போறது?"

அப்போதுதான் கசிவு ஓட்டையாகி, தண்ணீர் குபுகுபுவென்று கொட்டத் தொடங்கியது.

"ஐயோ!" என்று கத்திக்கொண்டு ஓடினான். எவ்வளவு இளைத்தாலும் பெரிதாகவே இருந்த தன் பின்புறத்தை ஓட்டையில் வைத்து அழுத்தி உட்கார்ந்துவிட்டான்! தண்ணீர் நின்றது. "மண்ணு கொண்டாங்க! சீக்கிரம்!"

கரடியம்மா மண்ணை வாரினாள். மயில் காலால் சீய்த்துத் தள்ளியது. அணில் கூழாங்கற்களை உருட்டி வந்தது. பொழுது சாய்கிறவரை வேலை நடந்தது. மூக்கப்பன் அசையவே இல்லை. முதுகு விறைத்தது, வயிறு கூப்பாடு போட்டது. எதிரிலேயே கோரைக்கிழங்கு சிரித்துக்கொண்டிருந்தது. தொடவில்லை.

குஞ்சுகளுக்கு அவன் பன்றி என்றே தெரியவில்லை. ஏதோ பாறை என்று நினைத்து அவன் வயிற்றுமேல் ஏறி வெயில் காய்ந்தன. அவனுக்குக் கூச்சமாக இருந்தது. சிரித்தால் குஞ்சுகள் விழுந்துவிடுமே என்று மூச்சை அடக்கிக்கொண்டான். அதைப் பார்த்துச் செவத்திக்குக் கோபம் எல்லாம் கரைந்துபோனது. "மூக்கண்ணே, நீங்க நல்லவர்தான். உங்க மூக்குதான் பேச்சைக் கேட்க மாட்டேங்குது," என்றாள்.

கரை இறுகிய பிறகு மூக்கப்பன் எழுந்தான். தொப்பென்று முன்னால் ஏதோ விழுந்தது. ஒரு கொத்து நாவல்பழம்! மேலே கிளையில் தவிட்டான் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"கடனா?" என்று பயந்துகொண்டே கேட்டான் மூக்கப்பன்.

"உனக்கு எவன்டா கடன் குடுப்பான்? சும்மா தின்னு!"

மூக்கப்பன் கொத்தைப் பார்த்தான். நாணலைப் பார்த்தான். பிறகு, உலகம் தோன்றிய நாளிலிருந்து எந்தப் பன்றியும் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தான். பாதியைப் பிரித்துச் செவத்தியின் கூட்டுப் பக்கம் தள்ளி வைத்தான்.

கொடுக்க முடியாத கடனை ஊர் கூடி மன்னிக்கலாம். ஆனால் அடுத்தவருக்குத் தீங்கு செய்யாமல் இருக்க வேண்டிய கடமை எப்பேர்ப்பட்ட திவாலிலும் தீராது.