முதல் கவளம்

பொதிகை மலையடியில் ஒரு வைத்திய மடம் இருந்தது. அதன் குரு சடையப்பருக்கு நாற்பது வயதுகூட நிறையவில்லை. தலைமைச் சீடர் தாணுமூர்த்திக்கோ ஐம்பத்தெட்டு. புதிதாக வருகிறவர்கள் நரைத்த தாடியைப் பார்த்துச் சீடர் காலில் விழுவார்கள். குரு ஓரமாக நின்று சிரிப்பார்.

அந்த வருஷம் ஏழு பேர் வைத்தியம் படித்தார்கள். பனையேறி ஒருவர் இருந்தார், கண் தெரியாத பாடகர் ஒருவர் இருந்தார். ஒரு தடவை கேட்டதை அப்படியே ஒப்பிக்கும் நமச்சிவாயமும் இருந்தான். இசக்கியம்மாளும் இருந்தாள். அவளுக்குத் திக்குவாய். அவள் ஊரில் பாம்பு கடித்தாலும் பிள்ளைக்குச் சுரம் வந்தாலும் பார்க்க ஆளில்லை என்று, ஊரே கூடி அவளை அனுப்பி வைத்திருந்தது.

தேர்வு நடத்துவது தாணுமூர்த்தியின் பொறுப்பு. நூறு மருத்துவப் பாட்டுகளைத் தங்குதடையில்லாமல் ஒப்பிக்க வேண்டும். தேறாதவர் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

நமச்சிவாயம் நூறையும் ராகத்தோடு பாடி முதலாவதாக வந்தான். இசக்கியம்மாள் மூன்றாம் பாட்டிலேயே நின்றுவிட்டாள். மறுபடி முயன்றாள். சொல்லுக்குப் பதில் கண்ணீர்தான் வந்தது.

தாணுமூர்த்தி பட்டியலோடு குருவைத் தேடிப் போனார். அன்றைக்குச் சமையல் குருவின் முறை. பெரிய பானையில் அரிசியும் பருப்பும் காயும் கிழங்குமாகக் கூட்டாஞ்சோறு கொதித்துக்கொண்டிருந்தது.

"இசக்கி தேறலை சாமி. நாளைக்குக் காலம்பற வண்டி ஏத்திவிட்டிரணும்."

அவளை அனுப்ப அவருக்கும் மனசில்லைதான். அதற்காக ஆளுக்கொரு நியாயம் பேச முடியுமா?

"ஏழு பேருக்கும் ஒரே பரீட்சைதானா, வே?"

"ஒரே பரீட்சைதான். பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?"

"அப்படியா? சரி, இந்தப் பானைக்கும் பதம் பாரும்."

தாணுமூர்த்தி அகப்பையை விட்டு ஒரே ஒரு பருக்கையை எடுத்தார். இரண்டு விரலால் நசுக்கினார். வெண்ணெயாக மசிந்தது.

"பதம் சாமி. இறக்கிரலாம்."

குரு மறுபேச்சுப் பேசாமல் பானையை இறக்கினார். எல்லாரும் இலை போட்டு உட்கார்ந்தார்கள். அந்த மடத்தில் ஒரு பழைய வழக்கம் உண்டு. பதம் சொன்னவருக்குத்தான் முதல் கவளம். அவர் விழுங்கிய பிறகுதான் மற்றவர்கள் இலையில் கை வைப்பார்கள்.

கூட்டாஞ்சோறு என்றால் தாணுமூர்த்திக்கு உயிர். கவளத்தைப் பெரிதாகவே உருட்டினார். தண்ணீர் வைத்துக்கொண்டிருந்த இசக்கியம்மாள் அந்தக் கவளத்தைப் பார்த்துவிட்டாள்.

"சா... சாமி, கி... கி..."

அவள் கிழங்கு என்று சொல்லி முடிப்பதற்குள், வேகாத கருணைக்கிழங்கு அவர் தொண்டையைத் தாண்டிவிட்டது.

அப்புறம் கேட்க வேண்டுமா? நாக்கு அரித்தது, தொண்டை அரித்தது. தாணுமூர்த்தி எழுந்து குதித்தார். தாடியும் கூடவே குதித்தது.

நமச்சிவாயம் சட்டென்று எழுந்து, கைகட்டி, கருணைக்கிழங்கின் குணத்தைச் சொல்லும் பாட்டைப் பிசகில்லாமல் பாடத் தொடங்கினான்.

"பாட்டு எதுக்குலே? மருந்தைச் சொல்லு!"

"மருந்து அடுத்த பாட்டுல வருது சாமி."

அதற்குள் இசக்கியம்மாள் புளியைக் கரைத்துக் கருப்பட்டி தட்டிப் போட்டுக் கொண்டுவந்துவிட்டாள். அவர் தலையைப் பிடித்து நிமிர்த்தினாள். தொண்டையில் நிறுத்தி நிறுத்தி விழுங்கச் சொல்லிக் கையால் காட்டினாள். நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தாள்.

"இ... இன்னொரு மடக்கு."

மெல்ல மெல்ல அரிப்பு அடங்கியது. தாணுமூர்த்திக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நேரே போய்ப் பானைக்குள் எட்டிப் பார்த்தார்.

"சோறு வெந்திருக்கு சாமி. பருப்பும் வெந்திருக்கு. கிழங்குதான் கல்லு மாதிரி கிடக்கு."

"கிழங்கை எப்படிப் பதம் பாக்கணும்?"

"ஈர்க்குச்சியால குத்திப் பாக்கணும்."

"அப்ப முருங்கைக்காயை?"

"கடிச்சுத்தான் பாக்கணும்."

"ஒரே பானைதான, வே?"

தாணுமூர்த்தி மடியில் செருகியிருந்த பட்டியலை வெளியே எடுத்தார். வாசலருகே இசக்கியம்மாள் காலி செம்போடு நின்றாள்.

"நா... நாளைக்கு வண்டி..." என்று இழுத்தாள்.

"வண்டி கிடக்கட்டும் தாயி. நீ இரு."

அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும் அவருக்கும் பாரம் இறங்கியது. ஆனால் கையில் பட்டியல் இன்னும் இருந்தது. முதல் பெயர் நமச்சிவாயம். அவர் குருவிடம் திரும்பினார்.

"சாமி, ஆளுக்கொரு விதமாப் பாக்கேன். எத்தனை நாளானாலும் பாக்கேன். ஆனா இன்னார் தேறியாச்சுன்னு எதை வச்சுத் துணிஞ்சு சொல்லுவேன்?"

குரு பானையை மறுபடி அடுப்பில் ஏற்றிவிட்டு, விறகைத் தள்ளினார்.

"மடத்து வழக்கம்தான் இருக்கே. நீர் யாரைத் தேறியாச்சுன்னு சொல்லுதீரோ, அவர் கையால முதல் மருந்து உமக்குத்தான்."

அடுத்த பாட்டுக்காக நமச்சிவாயம் தொண்டையைக் கனைத்தான். தாணுமூர்த்தியின் கை தானாகவே தன் தொண்டையைத் தடவியது.