எருமை முட்டிய கண்ணாடி

சத்தியம், சத்தியம், சத்தியம்! இனி நான் சொல்லப்போவதில் ஓர் எழுத்துகூடப் பொய் கிடையாது. சந்தேகமா? கற்பூரம் ஏற்றுங்கள், உள்ளங்கையால் அடித்து அணைக்கிறேன். கட்டி கொஞ்சம் பெரிதாகவே இருக்கட்டும்.

எனக்குச் சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம். அங்கே குளிர் என்றால் மார்கழியில் விசிறியைக் கொஞ்சம் குறைத்து வைப்போம், அவ்வளவுதான். ஐம்பத்தெட்டாவது வயதில் எனக்கு ஞானம் வேண்டும் என்று தோன்றிவிட்டது. நீலகிரி ஏறி, கேத்தியில் ஒரு சின்ன மடத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். மடத்துக்கு ஒரு சாமி. சாமிக்கு ஒரு வெள்ளை அம்பாசடர் கார்.

சாமியின் பெயர் வெள்ளியங்கிரி. கோயம்புத்தூர்க்காரர், முன்பு லாரி ஓட்டியவர். என்னைவிடப் பத்து வயது இளையவர். குருவே என்று காலில் விழுந்தேன்.

"எந்திரிங்க அண்ணாச்சி, தரை சில்லுனு இருக்குது" என்றார்.

"சாமி, எனக்கு ஞானம் வேணும்."

"கார் தொடைப்பீங்களா?"

"ஞானம் கேட்டேன் சாமி."

"கேட்டுச்சுங்க. இந்தாங்க துணி."

அந்தக் கார் தினமும் காலை ஆறரைக்குச் சுற்றுவட்டார நோயாளிகளை ஏற்றிக்கொண்டு ஊட்டி ஆஸ்பத்திரிக்குப் போகும். சாமிதான் ஓட்டுவார். வெயில் இருக்கும்போதே அதைக் கழுவ வேண்டும். கதவு ரப்பரில் ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் விடியும்போது கதவு உறைந்து ஒட்டிக்கொள்ளும். ரப்பரில் எண்ணெய் தடவ வேண்டும். கடைசியாக முன்கண்ணாடியில் சாக்குப் போர்த்த வேண்டும்.

முதல் நாள் நான் ஊரிலிருந்து கொண்டுபோன தேங்காய் எண்ணெயைத் தடவினேன். ரப்பருக்கு மட்டும் எதற்கு என்று கார் முழுக்கவே தடவினேன். காலையில் பார்த்தால் கார்மேல் தேங்காய்ச் சட்னி அரைத்துக் கொட்டினாற்போல இருக்கிறது. இரண்டு காக்காய்கள் வந்து உட்கார்ந்து இட்லி எங்கே என்று கேட்டன. சத்தியம்.

சாமி சிரிக்கவில்லை. "இங்க விளக்கெண்ணெய்ங்க அண்ணாச்சி. அதுதான் உறையாது" என்றார். பிறகு கண்ணாடியைத் தொட்டுக் காட்டினார். "சாக்கு மட்டும் மறந்துடாதீங்க. மறந்து பனி புடிச்சுட்டா, சும்மா விட்டுருங்க. வெயில் வரட்டும். வெந்நீர மட்டும் ஊத்தவே கூடாது."

"ஊத்தினா?"

"ஊத்தாதீங்க."

ஒரு மாதம் ஒழுங்காகச் செய்தேன். பிறகு ஒரு மாலை டீக்கடையில் எங்கள் ஊர்ச் சுறா மீன் சைக்கிள் ஓட்டிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். எட்டுப் பேர் வாயைப் பிளந்து கேட்டார்கள். எட்டுப் பேர் கேட்கும்போது எவன் எழுந்திருப்பான்? சாக்கு மறந்தே போயிற்று.

விடியும்போது போய்ப் பார்த்தேன். கண்ணாடி சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தது. நகத்தால் சுரண்டினேன், நகம்தான் தேய்ந்தது. ஆறரைக்கு வண்டி போக வேண்டும். சாமி வந்து பார்த்தால் என்ன நினைப்பார்?

குளியலறை அண்டாவில் சாமி குளிக்க வெந்நீர் காய்ந்துகொண்டிருந்தது. மொத்தத்தையும் இரண்டு வாளியில் மொண்டு வந்து ஊற்றினேன்.

'டப்' என்று ஒரு சத்தம். கண்ணாடியில் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை ஒரு கோடு ஓடியது.

வாளிகளைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து நின்றேன். கொஞ்ச நேரத்தில் சாமி வந்தார். தலை ஈரம். உதடு நீலம். பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

நான் வாயைத் திறந்தேன். மறந்துவிட்டேன் சாமி என்று சொல்லத்தான் திறந்தேன்.

"ஒரு எருமை வந்து முட்டிருச்சு சாமி!"

"எருமைங்களா?"

"கண்ணால பாத்தேன்! யானை அளவு! மூக்குல புகை!"

யானை அளவு என்றதும் சாமியின் புருவம் ஏறியது. கதை கட்டுகிறவனுக்கு இது தெரியும். பெரிய பொய் விழாமல் நிற்க ஒரு சின்ன உண்மை முட்டுக்கொடுக்க வேண்டும். நான் தினமும் பார்க்கிற ஒன்றை எடுத்துச் சொருகினேன்.

"இடது கொம்பு கீழ வளைஞ்சிருந்துச்சு. கழுத்துல பித்தளை மணி."

சாமி காரில் ஏறினார். கோட்டுக்குக் கீழே குனிந்து பார்த்துக்கொண்டே ஓட்டிப்போனார்.

இடது கொம்பு கீழே வளைந்து, கழுத்தில் பித்தளை மணி கட்டிய எருமை கேத்தியில் ஒன்றுதான் உண்டு. மடத்துக்குப் பால் ஊற்றுகிற போஜனுடையது. அப்பிராணி. அதன் முதுகில் மைனா கூடு கட்டினால்கூட, குஞ்சு பொரிக்கும்வரை அசையாமல் நிற்கும்.

காரில் போன நோயாளிகள் வழியில் கதை கேட்டிருப்பார்கள் போல. அன்று மாலையே போஜன் வந்தார். எழுபது வயது, ஒல்லி உடம்பு. என் முன்னால் கை கூப்பினார்.

"என் மாடுதான் அண்ணாச்சி. கட்டுத்தறியில இருந்து அவுத்துட்டு வந்திருக்கும். மன்னிச்சிருங்க."

என்னிடம் கேட்கிறார், மன்னிப்பு! எனக்குக் காது மடல் சுட்டது. அந்தக் குளிரில் என் உடம்பில் சூடாக இருந்த ஒரே இடம் அதுதான்.

"பரவாயில்ல, விடுங்க" என்றேன். ஆமாம், அப்படித்தான் சொன்னேன். நான் மன்னித்தேன்!

போஜன் தன் தோளில் இருந்த கம்பளியை எடுத்தார். சாக்குக்குமேல் கண்ணாடியில் போர்த்திக் கயிறு போட்டுக் கட்டினார். "மறுபடி வந்து முட்டினாலும் கம்பளி தாங்கும்" என்றார். வேண்டாம் என்று சாமி சொல்லியும் கேட்கவில்லை. வெறும் சட்டையோடு மேட்டில் ஏறிப் போனார்.

ஆறு நாள் இப்படி. மாலையில் வருவார், கட்டுவார். காலையில் வருவார், அவிழ்ப்பார். நான் இரண்டு கம்பளிக்குள் சுருண்டு படுத்துக் கண்ணை மட்டும் மூடிக்கொள்வேன். ஒரு காலை எழுந்து பார்த்தால் சாமி கட்டிலில் பழைய செய்தித்தாளைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார்.

"கம்பளி எங்க சாமி?"

"போஜனுக்குக் குடுத்தேனுங்க."

என் இரண்டில் ஒன்றை நீட்டினேன். சாமி வாங்கிக்கொள்ளவில்லை. "உங்களுக்குப் பனி பழக்கமில்லீங்க" என்றார்.

ஏழாவது நாள் காலை போஜன் எருமையோடு வந்தார். அதன் முதுகில் பிரம்புத் தழும்பு வரிவரியாக இருந்தது.

"சந்தைக்கு ஓட்டிட்டுப் போறேன் சாமி. எத்தன அடிச்சும் இதுக்கு என்ன தப்புன்னே புரியல, முழிக்குது. குணம் கெட்ட மாட்ட வெச்சுக்கக் கூடாது. கறிக்காரன் எடுத்துக்குவான்."

எருமை என்னைப் பார்த்தது. எத்தனையோ பேர் என் கதையைக் கேட்டு என்னைப் பார்த்திருக்கிறார்கள். இப்படி யாரும் பார்த்ததில்லை.

சாமி திரும்பினார். "நீங்க என்ன சொல்றீங்க அண்ணாச்சி?"

அன்று பனி குறைவு. கிழக்கு மேட்டில் வெயில் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"எருமை வரல சாமி. சாக்குப் போர்த்த மறந்துட்டேன். வெந்நீர் ஊத்தினேன். நான்தான் ஒடைச்சேன்."

சத்தியமாகச் சொல்கிறேன், என் வாழ்நாளில் நான் சொன்ன கதைகளில் இவ்வளவு சின்னது வேறு இல்லை. யாரும் வாயைப் பிளக்கவும் இல்லை.

போஜன் கையிலிருந்த பிரம்பைப் பார்த்தார். கீழே போட்டார். நான் அவர் காலைத் தொடக் குனிந்தேன். அவர் விலகி நின்றார்.

"என்கிட்ட எதுக்கு அண்ணாச்சி? ஆறு நாள் அடி வாங்கினது அது."

கண்ணாடியிலிருந்து தன் கம்பளியை அவிழ்த்து எருமையின் தழும்புமேல் போர்த்தினார். அதன் காதில் தன் பாஷையில் ஏதோ சொன்னார். இரண்டு பேரும் வந்த வழியே மேட்டில் ஏறிப் போனார்கள். நான் மட்டும் தனியாக நின்றதுபோல் இருந்தது. சாமியும் அங்கேதான் நின்றார், எனக்குத்தான் நிமிர்ந்து அவரைப் பார்க்க முடியவில்லை.

"சாமி, இது உங்களுக்கு முன்னாலயே தெரியுமா?"

"தெரியுங்க."

"எப்ப இருந்து?"

"அன்னிக்கே. குளிக்கப் போனேன், அண்டா காலி. பச்சத் தண்ணியில குளிச்சுட்டுத்தான் உங்க எருமைக் கதைய வந்து கேட்டேன்."

"அப்பவே ஒரு அதட்டு அதட்டியிருக்கலாமே? ஏன் சாமி ஏழு நாள் சும்மா இருந்தீங்க?"

சாமி துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். அந்தக் கோடு வந்த இடத்தில் கை நின்றது.

"பனி புடிச்சதுல வெந்நீர் ஊத்தக் கூடாது, வெயில் வர்ற வரைக்கும் சும்மா விடணும்னு உங்களுக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தானுங்களே, அண்ணாச்சி."

நான் இன்னொரு துணியை எடுத்துக்கொண்டு மறுபக்கம் போனேன். அன்று முழுவதும் நான் வாய் திறக்கவில்லை. இதைத்தான் யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

ஐயா, உங்களுக்குப் புண்ணியமாகப் போகும், இதைச் சொன்னது யார் என்று மட்டும் யாரிடமும் மூச்சு விடாதீர்கள். ரொம்பக் குடைந்து கேட்டால் மறந்துவிட்டது என்று சொல்லுங்கள், யாரோ ஒரு வழிப்போக்கன் என்று சொல்லுங்கள். எருமைமேல் மட்டும் பழி போட்டுவிடாதீர்கள்.